லெலோங்கில் ஜெயித்தார், காசு மட்டும் வரவில்லை

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்து மலாயா நோட்டுகளை ஃபேஸ்புக் குழு ஒன்றில் லெலோங் (ஏலம்) விட்டேன். ஒருவர் 480 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) எடுத்தார். பத்து நாளாகியும் காசு வரவில்லை. மெசேஜைப் படிக்கிறார், பதில் போடுவதில்லை. எங்கள் தாமானில் ஒருவர், 80 வெள்ளி முன்பணம் கொடுத்தால் வசூலித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்த 80 வெள்ளிதான் இந்த விவகாரத்தில் நீங்கள் உண்மையாகவே இழக்கப்போகும் முதல் காசு.

யோசித்துப் பாருங்கள். நோட்டுகள் உங்கள் பெட்டியில்தான் இருக்கின்றன. 480 வெள்ளி உங்கள் கைக்கு வந்து போகவில்லை. இரண்டாவதாகக் கேட்டவர் 450 சொல்லியிருந்து, அவருக்கே விற்றுவிட்டால் உங்கள் நஷ்டம் 30 வெள்ளி. சட்டமும் ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் போடும்: பேசிய விலைக்கும் மறுபடி விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம். இந்த 30 வெள்ளிக்காக 80 வெள்ளி கேட்கும் ஆளை என்ன சொல்வது! இப்படிப்பட்டவர்களை ஒவ்வொரு ஊர்க் காப்பிக் கடையிலும் பார்க்கலாம். போலீஸில் ஆள் தெரியும், கோர்ட்டில் ஆள் தெரியும் என்பார்கள். முன்பணம் கை மாறியதும் அவர்களும் மெசேஜைப் படிப்பார்கள், பதில் போடமாட்டார்கள்.

இன்றைக்கே ஏலம் எடுத்த அந்த ஆளுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "நாளை மறுநாள் இரவு 9 மணிக்குள் 480 வெள்ளியும் தபால் செலவும் வராவிட்டால் விற்பனை ரத்து; நோட்டுகளை அடுத்தவருக்குத் தருகிறேன்." அவ்வளவுதான். திட்டவும் வேண்டாம், அவர் படத்தைப் போட்டு 'மோசடிக்காரன்' என்று எழுதவும் வேண்டாம். பிறகு அவதூறு வழக்கு என்று அவர் உங்களை மிரட்டுவார். ஏலப் பதிவையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கெடு முடிந்ததும் குழு அட்மினிடம் கொடுங்கள்.

மெசேஜ் அனுப்பும் முன் ஒன்றைப் பாருங்கள்: சம்பளம் வரும்வரை என்று அவர் அவகாசம் ஏதும் கேட்டிருக்கிறாரா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, முடிந்த மாதத்துச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இந்த ஏழாம் தேதி நன்றாகத் தெரியும். 28-ஆம் தேதி ஏலம் எடுத்துவிட்டு "ஏழாம் தேதி போடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவரை ஓடிப்போனவர் பட்டியலில் சேர்க்காதீர்கள். என்னிடம் வருடக்கணக்கில் வாங்கும் சிலர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் தேதியை அவரே சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காமலே சொல்ல வேண்டும். எட்டாம் தேதி "மனைவிக்கு உடம்பு சரியில்லை" என்று தொடங்கினால் இரக்கப்படுங்கள், நோட்டை மட்டும் அடுத்தவருக்கு விற்றுவிடுங்கள். ஒரு தேதிக்குத்தான் சலுகை, இரண்டாவது தேதிக்குக் கிடையாது.

கெடு வைத்ததும் அவர் திடீரென்று விழித்துக்கொள்வார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பயம். ஐந்து நிமிடத்தில் ஒரு ஸ்லிப் படம் வரும். "480-க்குப் பதில் தெரியாமல் 840 போட்டுவிட்டேன், மீதி 360-ஐத் திருப்பி அனுப்புங்கள்" என்பார். ஸ்லிப்பில் வங்கிச் சின்னம், நேரம், எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கைப்பேசியிலேயே அப்படி ஒன்றைத் தயாரித்துவிடலாம். உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே திறந்து காசு ஏறியிருக்கிறதா என்று பார்க்கும்வரை ஸ்லிப் என்பது வெறும் படம். நானே ஒருமுறை ஏமாந்தேன். என் கணக்கில் இருப்பு கூடியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தபால் தலை ஆல்பத்தைக் கொடுத்தனுப்பினேன். இயந்திரத்தில் போட்டிருந்தது காசில்லாத காசோலை. இருப்பு என்று ஒரு தொகையும், எடுக்கக்கூடிய இருப்பு என்று வேறொரு தொகையும் திரையில் இருந்தன. நான் முதல் வரியை மட்டும் பார்த்தேன். இரண்டாவது வரியைப் பாருங்கள்.

அப்படிப் போலி ஸ்லிப்பைக் காட்டிப் பொருளை வாங்கிப்போனால் அது போலீஸ் விவகாரம். பேச்சுவாக்கில் 'ஃபோர்-ட்வென்டி' என்று திட்டுகிறோமே, மலேசியக் குற்றவியல் சட்டத்திலும் ஏமாற்றுக்கு அதே 420-ஆம் பிரிவுதான். 'மீதி'யை நம்பி நீங்கள் காசு அனுப்பிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பண மோசடிப் புகார்களுக்கான தேசிய அவசர எண்ணான 997-க்கு அழையுங்கள். வெறுமனே காசு தராமல் இருப்பதற்கு ரிப்போர்ட் போட்டால், "இது சிவில் விவகாரம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

சிவில் வழியைப் பற்றிக் கேட்காதீர்கள், எனக்கு ரத்தம் கொதிக்கும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம் என்பார்கள். அது வாங்குபவர்களுக்கு, உங்களுக்கு அங்கே இடமில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கைக்கு வழக்கறிஞர் தேவையில்லை, பாரத்தை நீங்களே நிரப்பலாம். நிரப்ப உட்கார்ந்தால் அவருடைய உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டும். உங்களிடம் இருப்பதோ ஒரு புனைபெயரும் புலிப் படமும்! ஈபே போன்ற பெரிய தளங்களாவது பரவாயில்லையா என்றால், நான்கு நாள் காத்திருந்து விற்பனையை ரத்து செய்யலாம், கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். ஆனால் 2008 முதல் விற்பவர் அங்கே வாங்குபவருக்கு நல்ல மதிப்பீடு மட்டும்தான் போட முடியும். காசு தராதவனையும் பாராட்டலாம், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

கெடு முடிந்ததும் இரண்டாவதாகக் கேட்டவரிடம் அவர் கேட்ட விலையையே சொல்லுங்கள். ஒரு வெள்ளிகூட ஏற்றாதீர்கள். நீங்களே ஆள் வைத்து விலையை ஏற்றிவிட்டு, மாட்டாததால் தன்னிடம் வருகிறீர்களோ என்று அவர் நினைக்கத்தான் செய்வார். அதனால் நோட்டுகளைப் பக்கத்தில் அன்றைய நாளிதழோடு வைத்து, எண்கள் தெரியப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முதல் ஆளோடு நடந்த உரையாடலை, பெயரை மறைத்து, அவர் கேட்டால் காட்டுங்கள்.