செர்ரித் தோட்டத்தில் மணி என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நாடகக்குழு ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ போடவிருக்கிறது. அவர் அதை நகைச்சுவை நாடகம் என்கிறார். ஒத்திகையில் நாங்களோ கண்ணீரும் கம்பலையுமாக நிற்கிறோம். யார் சரி? இரண்டாம் அங்கத்தில் கம்பி அறுபடும் ஓசை எதன் குறியீடு?

க.

அன்புள்ள க.,

அழுகை வந்ததற்காகக் கூச்சப்படாதீர்கள். ஆனால் குறியீட்டு வேட்டையை இன்றோடு விடுங்கள். சுரங்கத்தில் தொட்டி அறுந்து விழுந்திருக்கும் என்கிறான் வணிகன் லொபாகின். நாரையோ என்கிறார் பண்ணைவீட்டுக்காரர் காயெவ், ஆந்தை என்கிறான் மாணவன் திரொஃபீமவ். பாத்திரங்களுக்கே பிடிபடாததற்கு நீங்கள் ஏன் கோனார் உரை எழுதவேண்டும்?

சில நாட்களாக என் மண்டையைக் குடைவது நான்காம் அங்கம். 12 நிமிடத்தில் முடியவேண்டியதை 40 நிமிடம் இழுக்கிறார்கள் என்று 1904இல் மனைவி ஓல்காவுக்கு எழுதிய கடிதத்தில் பொரிந்துதள்ளினார் செகாவ். மாஸ்கோ கலையரங்கில் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைச் சோகநாடகமாக்கியிருந்தார். நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள்.

தோட்டம் விற்றுப்போய் எல்லோரும் வீட்டைக் காலிசெய்து கிளம்பும் அங்கம் அது. பிரதியிலேயே கடிகாரம் ஓடுகிறதே, பார்க்கவில்லையா? ரயிலுக்கு 46 நிமிடம், 20 நிமிடத்தில் கிளம்பவேண்டும் என்கிறான் லொபாகின். பிறகு வீட்டுக்காரி ரனேவ்ஸ்கயா மணி பார்த்து, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்கிறாள். அதற்குள் லொபாகின் அவளுடைய வளர்ப்பு மகள் வார்யாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்தாகவேண்டும்.

வார்யா வந்ததும் மூட்டைமுடிச்சைத் துழாவுகிறாள். எதையோ காணோமாம். இனி எங்கே போகிறீர்கள் என்கிறான். அப்புறம் பேச்சு குளிருக்குத் தாவுகிறது: உறைநிலைக்குக் கீழே மூன்று டிகிரி. எங்கள் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது என்கிறாள். வெளியே யாரோ கூப்பிட, அதற்காகவே காத்திருந்தவன்போல ஓடிவிடுகிறான்.

இதில் கண்ணோடு கண் பார்த்துக் கலங்கி நின்றால் காட்சி கெட்டது. கண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தெர்மாமீட்டருக்கு என்ன வேலை? வார்யாவாக நடிப்பவர் நிஜமாகத் தேடவேண்டும். என்ன பொருள் என்று முன்பே முடிவுசெய்துகொள்ளட்டும். கையுறை, சீப்பு, எதுவானாலும் சரி. சாவி மட்டும் வேண்டாம், சாவிக்கொத்தை மூன்றாம் அங்கத்திலேயே வீசியெறிந்துவிட்டாள். பேசும்போதும் கை நிற்கக்கூடாது. மௌனம் என்று போட்டிருக்கும் இடங்களுக்கு மூன்று விநாடி தாராளம். பின்னணி இசை கூடவே கூடாது. அவன் போனபிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து, துணிமூட்டையில் தலைசாய்த்து விம்முகிறாள். முன்னாலேயே அழுதுவிட்டால் அந்த இடத்தில் அவளுக்குச் செய்ய ஒன்றுமே மிஞ்சாது.

அடுத்த ஒத்திகையில் ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து உட்காரவையுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள்.