வைரஸ் ஆராய்ச்சி ஆசையும் வேதியியல் பாடமும்

மதிப்பிற்குரிய அம்மா,

இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) வைரஸ் பெருகுவதைச் செயற்கை நியூக்ளிக் அமிலங்களால் (ஆய்வகத்தில் செய்யும் ஆர்.என்.ஏ. போன்ற இழைகளால்) தடுக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன், நீட் எழுத மாட்டேன் என்று பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவள் ஆசைப்படுவது உண்மையான துறை, பயப்படாதீர்கள்.

இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மரபுச் செய்தி எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளில் அடங்கியிருக்கிறது. அவற்றில் அதிகம் மாறாத ஒரு பகுதிக்கு இணை சேரும்படி சுமார் 20 எழுத்து (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகுக்கு எழுத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம்) நீளமுள்ள ஆர்.என்.ஏ. சிற்றிழையைச் செய்து செல்லுக்குள் செலுத்தினால், அதன் வழிகாட்டலில் செல்லின் நொதியே வைரஸின் செய்தியை வெட்டிவிடும். புரதம் கிடைக்காமல் வைரஸ் பெருக்கம் நின்றுபோகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை 2003-இல் செல் வளர்ப்பிலும் கருவுற்ற கோழி முட்டையிலும் செய்து காட்டினார்கள். ஆனாலும் இன்றுவரை இம்முறையில் ஒரு ஃப்ளூ மருந்து கடைக்கு வரவில்லை. கல்லீரலுக்கு இத்தகைய இழையைக் கொண்டுசேர்க்க வழி தெரிந்ததால் 2018-இல் பாடிசிரான் என்ற மருந்து அனுமதி பெற்றது. நுரையீரல் செல்களுக்குள் சிதையாமல் கொண்டுசேர்ப்பதுதான் இன்னும் பெரும்பாடாக இருக்கிறது.

அந்த உழைப்பில் பெரும்பகுதி வேதியியல். இழையை எழுத்து எழுத்தாகத்தான் கோக்க வேண்டும். 20 எழுத்துக்கு 19 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் நூற்றுக்கு 99 வெற்றி பெற்றால் முழு இழை 83 விழுக்காடு கிடைக்கும். 98 என்றால் 68-தான். இந்தக் கணக்கை அவளிடம் போட்டுக் காட்டுங்கள். கண் மலர்ந்தால் அவளுக்கு ஏற்ற துறை இதுதான். உயிரியல் மட்டும் பிடித்து, கரிம வேதியியலைக் கண்டு ஒதுங்குகிறாள் என்றால் அதைப் பற்றி இப்போதே பேசிவிட வேண்டும்.

ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐ.ஏ.டி. நுழைவுத்தேர்வை எழுதச் சொல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டால், பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து, ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர்வதும் நல்ல வழியே. முனைவர் பட்டம்வரை பத்து ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) தகுதி பெற்று முனைவர் ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. முனைவர் ஆய்வு செய்யும் ஆண்டுகளில் வீட்டுப் பணத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

அரையாண்டு வேதியியல் விடைத்தாளை, மதிப்பெண் எப்படியிருந்தாலும், அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். அவளும் உடன் வரட்டும்.