கடுங்குளிர் நாள்ல ஸ்கூலுக்கு லீவு விடறது அவசியமா?

"குளிர் ரொம்ப அதிகமா இருந்தா பள்ளிகளை மூடணுமா, இல்ல பிள்ளைங்களைத் தேவையில்லாம பொத்திப் பொத்தி வளர்க்கறோமா?"ன்னு கேட்டிருக்கீங்க. கேட்ட விதத்தைப் பாத்தா இந்தக் குளிர்ல உங்க பிள்ளை ஸ்கூலுக்கு மூணு நாளாவது லீவு விட்டிருப்பாங்க, நீங்க வேலைக்கும் போக முடியாம பிள்ளையையும் தனியா விட முடியாம கடுப்புல இருக்கீங்கன்னு தோணுது. அந்தக் கடுப்பு எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் உங்க கட்சிதான், குளிருன்னா ஜாக்கெட்டைப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே, இதுக்கெல்லாமா லீவுன்னு நானே பேசியிருக்கேன்.

இப்ப கேட்டா, மூடணும்னுதான் சொல்லுவேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு முதியோர் இல்லத்துல வேலை, காலையில 7:30க்கு ஷிஃப்ட். ஒரு நிமிஷம் லேட்டானாலும் நைட் ஷிஃப்ட் பாத்தவங்க என்னை விட்டுட்டுக் கிளம்ப முடியாது, அதனால லேட்டாப் போறதுங்கற பேச்சுக்கே இடம் இல்ல. வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட், ஆறரைக்கு வந்து படுப்பாரு. பெரியவளுக்கு அப்ப 12 வயசு, சின்னவனுக்கு 7. வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப் நடந்தா பதினஞ்சு நிமிஷம், கார்ல நாலு நிமிஷம். நான் 7:05க்கு ரெண்டு பேரையும் ஸ்டாப்ல இறக்கி விட்டுட்டு அப்படியே வேலைக்குப் போயிடுவேன், பஸ் 7:15க்கு வந்துடும். இப்படித்தான் ரெண்டு குளிர்காலம் ஓடுச்சு, ஒரு நாள் கூட பஸ் அஞ்சு நிமிஷத்துக்கு மேல லேட்டானதில்ல.

அன்னிக்கு மைனஸ் 24. காத்து மணிக்கு 30 கிலோமீட்டர். ஸ்கூல் திறந்திருக்குன்னு முந்தின நாள் ராத்திரியே சொல்லிட்டாங்க. நானும் வழக்கம் போல இறக்கி விட்டேன். பஸ் வந்தது 7:52க்கு.

நாப்பத்தேழு நிமிஷம் அந்தப் பிள்ளைங்க ரெண்டும் நின்னிருக்கு. அந்த ஸ்டாப்ல வேற யாரும் ஏற மாட்டாங்க, மேல கூரை கூடக் கிடையாது, ஒரு கம்பத்துல போர்டு மட்டும். "ஏன் வீட்டுக்குத் திரும்பிப் போகல?"ன்னு எல்லாருமே என்னைக் கேட்டாங்க, நீங்களும் கேப்பீங்க. பெரியவ சொன்னா, "அம்மா, ஒவ்வொரு நிமிஷமும் இப்ப வந்துடும்னுதான் தோணுச்சு, நாங்க நடந்து போற நேரத்துல பஸ் வந்துட்டா ஆப்சென்ட் போட்டுடுவாங்களே"ன்னு. அந்த வருஷம் முழு அட்டெண்டன்ஸ் வாங்கணும்னு அவளுக்கு ஆசை, ஸ்கூல்ல அதுக்குன்னு ஒரு சர்டிஃபிகேட் குடுப்பாங்க. 12 வயசுப் பிள்ளை மைனஸ் 24ல நின்னுக்கிட்டு ஆப்சென்ட்டை நினைச்சுப் பயந்திருக்கா.

"ஏன் நீ காருக்குள்ள வெச்சுக்கிட்டு பஸ் வர்ற வரைக்கும் நிக்கல?"ன்னு கேக்கறவங்களுக்கும் இப்பவே சொல்லிடறேன். பத்து நிமிஷம் நின்னா எனக்கு ஷிஃப்ட் போச்சு. மூணு தடவை லேட்டானா வார்னிங் லெட்டர். வேலை போனா வாடகை யாரு கட்டுவா? இதை நான் சாக்காச் சொல்லல, தப்பு என் மேலயும் இருக்கு, அதை நான் எப்பவும் மறுத்ததில்ல. ஆனா காலையில அப்பா அம்மா ரெண்டு பேரும் வீட்டுல இருக்கற குடும்பத்துக்காக மட்டும் ஒரு ஸ்கூல் முடிவெடுக்க முடியாதுல்ல.

சின்னவன் கிளவுஸ் முந்தின நாள் பனில நனைஞ்சிருந்துச்சு. ராத்திரி ஹீட்டர் மேல காயப் போட்டேன், காலையில தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்துச்சு. வெளியில தான் காஞ்சிருந்துச்சு. விரல் நுனி போற இடத்துல உள்ள ஈரம் அப்படியே இருந்திருக்கு, நான் உள்ள கையை விட்டுப் பாக்கல. துணி ஈரமா இருந்தா குளிரைத் தாங்காது, சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் புரிஞ்சுது.

அவன் முதல்ல விரல் வலிக்குதுன்னு அழுதிருக்கான். கொஞ்ச நேரத்துல அழுகையை நிறுத்திட்டானாம். சரியாயிடுச்சு போலன்னு பெரியவ நினைச்சிருக்கா. வலி நின்னா நல்லதுன்னு யாருக்குமே தோணும், ஆனா குளிர்ல வலி நிக்கறதுதான் மோசமான அறிகுறி, மரத்துப் போயிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் அவளுக்கே என்னவோ சந்தேகம் வந்து கிளவுஸைக் கழட்டிப் பாத்திருக்கா, பாத்ததும் தன்னோட கிளவுஸை அவனுக்கு மாட்டி, அவன் கையைத் தன் ஜாக்கெட்டுக்குள்ள அக்குள்ல வெச்சு அமுக்கிக்கிட்டே நின்னிருக்கா. யாரும் சொல்லிக் குடுக்கல. அதுதான் அந்த இடத்துல பண்ணக்கூடிய சரியான முதலுதவின்னு நர்ஸ் சொன்னாங்க.

எனக்கு ஃபோன் வந்தப்ப மணி எட்டரை தாண்டிடுச்சு. ஸ்கூலுக்கு எப்படி வண்டி ஓட்டிட்டுப் போனேன்னு எனக்கே தெரியல. நர்ஸ் ரூம்ல அவன் கையை வெதுவெதுப்பான தண்ணில வெச்சிருந்தாங்க. இடது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் நுனியில மெழுகுவத்தி மாதிரி வெளுத்து, லேசா மஞ்சள் ஓடி இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன், தோலு கெட்டியா இருந்துச்சு, அமுக்கினா அவனுக்குத் தெரியவே இல்ல. தேய்ச்சு விடலாமான்னு கேட்டேன், கூடவே கூடாதுன்னுட்டாங்க, உள்ள உறைஞ்ச திசு தேய்க்கத் தேய்க்கக் கிழியுமாம். சுடுதண்ணியும் கூடாது, மரத்துப் போன கைக்குச் சூடு தெரியாது, வெந்து போயிடும். கொஞ்ச நேரத்துல ரத்தம் திரும்ப ஓட ஆரம்பிச்சு விரல் செக்கச் செவேல்னு ஆச்சு. அப்ப வந்துச்சு பாருங்க வலி. என் பிள்ளை அப்படி அலறி நான் கேட்டதே இல்ல. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு விரல்லயும் நீர் கோத்துக் கொப்புளம். ஃப்ராஸ்ட்பைட், அதாவது குளிர்ல தோலும் திசுவும் உறைஞ்சு போறது, ஆனா மேலோட்டமானது, விரலுக்கு ஆபத்தில்லன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. தோலு உரிஞ்சு சரியாக ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எதையாவது எடுத்தா அந்த ரெண்டு விரல் நுனியும் இன்னிக்கு வரைக்கும் வெளுக்குது.

பஸ் ஏன் லேட்டுன்னா, ராத்திரி முழுக்க வெளியில நின்ன வண்டி. டீசல்ல பாரஃபின் மெழுகு உண்டு, குளிர் ஏற ஏற அது படிகமாகி ஃபில்டரை அடைச்சுக்கும். ஃபில்டர் அடைச்சா இன்ஜினுக்கு எண்ணெய் போகாது. டிரைவர் பாவம், அஞ்சு மணில இருந்து அதோட போராடிக்கிட்டு இருந்திருக்காரு. அதாவது எந்த நாள் பஸ்ஸுக்காக நிக்கறது ஆபத்தோ, அதே நாள்லதான் பஸ் வராது. இதை ஸ்கூல்காரங்க யோசிச்சிருக்கணுமா இல்லையா?

இதுல எனக்கு இன்னமும் வயிறு எரியற ஒரு விஷயம் இருக்கு, உங்க கேள்விக்குச் சம்பந்தம் இல்லாம கூட இருக்கலாம், ஆனாலும் சொல்லிடறேன். பஸ் நாப்பது நிமிஷம் லேட்டுன்னு 6:50க்கே மெசேஜ் அனுப்பியிருக்காங்க. அது போனது என் வீட்டுக்காரர் நம்பருக்கு. அவரு தூங்கறாரு, ஃபோன் சைலண்ட்ல. அந்த நேரத்துல நான் வீட்டுலதான் பிள்ளைக்கு ஷூ மாட்டி விட்டுக்கிட்டு இருக்கேன்! ஒவ்வொரு வருஷமும் ஃபார்ம் நிரப்பறது நான், முதல் தொடர்பு எண்ணுன்னு என் நம்பரை எழுதறதும் நான், மீட்டிங் போறது, கையெழுத்துப் போடறது எல்லாம் நான், ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப அப்பா நம்பர் தான் முதல்ல. கேட்டா சாஃப்ட்வேர் அப்படித்தாங்கறாங்க. பேங்க்ல இதே கதை, வாடகை அக்ரிமென்ட்ல இதே கதை. அந்த ஒரு மெசேஜ் என் ஃபோனுக்கு வந்திருந்தா பிள்ளைங்க அரை மணி நேரம் வீட்டுக்குள்ள இருந்திருக்கும், அவரை எழுப்பி விட்டுட்டுப் போயிருப்பேன், என் பிள்ளை விரல் தப்பிச்சிருக்கும். சரி விடுங்க.

அதுக்கப்புறம் நான் உக்காந்து நிறையப் படிச்சேன். வெறும் டிகிரியைப் பாத்து முடிவு பண்ணக் கூடாது, காத்தையும் சேத்துப் பாக்கணும். விண்ட் சில்னு சொல்றது அதைத்தான். மைனஸ் 24ல 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 38. கனடா வானிலைத் துறை கணக்குப்படி மைனஸ் 28ல இருந்து 39 வரைக்கும் மூடாத தோல் பத்துல இருந்து முப்பது நிமிஷத்துல உறைஞ்சிடலாம். மைனஸ் 40 தாண்டினா அஞ்சுல இருந்து பத்து நிமிஷம்தான். இந்தக் கணக்கை முதல்ல அண்டார்டிகால சைப்பிள், பாசெல்னு ரெண்டு பேரு ஒரு பிளாஸ்டிக் குழாய்ல தண்ணி உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துப் போட்டாங்க, 1945ல வெளியாச்சு. 2001ல அதைத் திருத்துனப்ப மனுஷங்களைக் காத்துச் சுரங்கத்துல டிரெட்மில்ல நடக்க விட்டு முகத்துல சென்சார் ஒட்டி அளந்தாங்க. நடந்தவங்க எல்லாம் பெரியவங்க. ஃபார்முலால காத்தோட வேகத்தையே அஞ்சடி உயரத்துக்குத்தான் எடுத்துக்கறாங்க, ஒரு பெரிய ஆள் முகம் இருக்கற உயரம். நடக்காம ஒரே இடத்துல நிக்கற ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த நிமிஷக் கணக்கை அப்படியே நம்ப எனக்கு மனசு வரல. சின்ன உடம்பு எடைக்குத் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் போயிடும்.

"சைபீரியால மைனஸ் 40லயும் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது"ன்னு ஒருத்தராவது கீழ வந்து எழுதுவீங்க. ஆமா, போகுது. யாகுட்ஸ்க் பக்கம் குளிர்காலத்துல காத்து பெரும்பாலும் அசையவே அசையாது, அங்க வண்டி, துணி, கட்டடம் எல்லாமே அதுக்குன்னே பண்ணது. அங்கயும் மைனஸ் 45, 50ன்னு இறங்க இறங்க முதல்ல சின்ன வகுப்புக்கு, அப்புறம் பெரிய வகுப்புக்குன்னு லீவு விடத்தான் செய்யறாங்க. முன்கூட்டியே எண்ணு வெச்சிருக்காங்க, அதைத்தான் நானும் கேக்கறேன்.

"எங்க காலத்துல"ன்னு ஆரம்பிக்கறவங்களுக்கு 1888 ஜனவரி 12 பத்திச் சொல்லணும். அமெரிக்காவுல டகோட்டா, நெப்ராஸ்கா பக்கம் அன்னிக்குக் காலையில குளிர் குறைவா இருந்துச்சுன்னு நிறையப் பிள்ளைங்க கனமான கோட்டு கூடப் போடாம பள்ளிக்கூடம் போச்சு. பகல்ல திடீர்னு பனிப்புயல். செத்தவங்க 235 பேர்னு கணக்கு, அதுல எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்குக் கிளம்பி வழியில மாட்டுன பிள்ளைங்க. அதனாலேயே அதைச் சில்ட்ரன்ஸ் பிளிசர்டுன்னு சொல்றாங்க. ஸ்கூலுக்குள்ள ஹீட்டர் இருக்கு, என்ன பயம்னு பேசறவங்க இதைப் பாக்கணும், ஆபத்து வழியில இருக்கு.

2014 ஜனவரி 6ம் தேதி மினசோட்டா கவர்னர் மார்க் டேட்டன் மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடச் சொன்னாரு, அந்த மாநிலத்துல 17 வருஷத்துல அதுதான் முதல் தடவை. 2019 ஜனவரி 30ல சிகாகோவுல மைனஸ் 31 வரைக்கும் போச்சு, ரெண்டு நாள் பொதுப் பள்ளிகள் எல்லாம் லீவு. அந்த வாரம் அமெரிக்கத் தபால் துறையே பல மாநிலங்கள்ல டெலிவரியை நிறுத்துச்சு. பூட்ஸும் கோட்டும் போட்ட பெரிய ஆளுங்களையே வெளியில அனுப்பாத குளிர்ல, பிள்ளைங்களை மட்டும் எப்படி நிக்க வைக்கறது?

அதுக்காக லீவு விட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. காலையில அஞ்சே முக்காலுக்கு லீவுன்னு மெசேஜ் போட்டா என்னை மாதிரி ஆளுங்க என்ன பண்ணுவோம்? மணிக்கணக்குச் சம்பளக்காரங்களுக்கு அந்த நாள் கூலி போச்சு, இல்லன்னா பிள்ளையைத் தனியா விட்டுட்டுப் போகணும், வீட்டுல ஹீட்டர் சரியா இல்லாத பிள்ளைக்கு ஸ்கூலே கதகதப்பான இடம், சில பிள்ளைக்கு மதியச் சாப்பாடே அங்கதான். இதெல்லாம் எனக்கும் தெரியும், முன்னாடி நான் லீவை எதிர்த்ததே இதுக்காகத்தான். அதனால என் கட்சி என்னன்னா, விண்ட் சில் இத்தனைக்குக் கீழ போனா மூடுவோம்னு வருஷ ஆரம்பத்துலயே ஒரு எண்ணைச் சொல்லிடணும், முந்தின நாள் சாயங்காலமே அறிவிக்கணும், வகுப்பு இல்லன்னாலும் போக்கிடம் இல்லாத பிள்ளைங்களுக்காக ஒரு ஹாலைத் திறந்து வெச்சு ரெண்டு டீச்சராவது இருக்கணும், பெத்தவங்க நேரா வாசல்ல கொண்டு வந்து விடட்டும். எல்லைக்கு மேல கீழன்னு ஊசலாடற நாள்ல ரெண்டு மணி நேரம் லேட்டாத் திறக்கலாம், சூரியன் உதிக்கற நேரத்தை ஒட்டித்தான் குளிர் உச்சத்துல இருக்கும், அதைத் தாண்டினாலே கொஞ்சம் தேவலை, பஸ்ஸும் கிளம்பியிருக்கும். அந்த மாதிரி நாள்ல வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடக் கூடாது. இது ரொம்ப முக்கியம்.

நான் இதையெல்லாம் எழுதி ஸ்கூல்ல குடுத்தேன். மைனஸ் 35ன்னு ஒரு எண்ணு வெச்சிருக்காங்க இப்போ. அட்டெண்டன்ஸ் சர்டிஃபிகேட்டையும் நிறுத்திட்டாங்க. ஹால் திறக்கறது பத்தி இன்னும் பேச்சுதான், ஆள் இல்லன்னு சொல்றாங்க, அடுத்த மீட்டிங்ல திரும்பக் கேப்பேன். பெரியவ கழுத்துல வீட்டுச் சாவி ஒண்ணு கயித்துல தொங்குது, பத்து நிமிஷத்துல பஸ் வரலன்னா தம்பியைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்துடணும்னு சொல்லி வெச்சிருக்கேன். போன மாசம் ஒரு நாள் அப்படித்தான் திரும்பி வந்துட்டாங்க, வந்ததும் எனக்கு மெசேஜ் போட்டா: "அம்மா, வீட்டுல இருக்கோம், கை ரெண்டையும் பாத்துட்டேன், நல்லா இருக்கு."