சிறையிலிருந்து எழுந்த வாதங்கள்: தொடக்ககாலக் குவேக்கர் எழுத்துகள் பற்றிய கேள்வி பதில்

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘குவேக்கர்கள்’ என்று ஏளனமாக அழைக்கப்பட்ட ‘நண்பர்கள்’, தங்கள் மீது ஏவப்பட்ட அடக்குமுறையை எதிர்த்து எழுதிய நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: ஆயுதம் ஏந்தாத, அமைதியாக அமர்ந்து வழிபடும் மக்களை அரசு ஏன் இவ்வளவு கடுமையாக ஒடுக்கியது?

பதில்: அவர்கள் எவற்றையெல்லாம் மறுத்தார்கள் என்று பார்த்தால் காரணம் விளங்கும். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் சொல்லும், ‘எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற’ மெய்யான ஒளி ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது என்பதே, இந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸின் அடிப்படைப் போதனை. அந்த ஒளி உள்ளே இருந்து வழிகாட்டும்போது பட்டம் பெற்ற குருமார் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. குருமார் தேவையில்லை என்றால் அவர்களுக்குத் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) ஏன் செலுத்த வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி. தசமபாகம் போதகர்களின் ஜீவனம் மட்டுமல்ல, பல ஊர்களில் அது நிலவுடைமையாளர்களின் சொத்தாகவும் மாறியிருந்தது. ஆகவே அதை மறுப்பவர் திருச்சபையோடு சொத்துரிமையையும் சீண்டுபவராகத் தெரிந்தார். நீதிபதியின் முன்னும் தொப்பியைக் கழற்றாதது, பெரியவர்களையும் ஒருமையில் விளித்தது ஆகியவை அந்தச் சமூகத்தில் சாதாரண அவமதிப்பாகக் கருதப்படவில்லை.

எல்லாவற்றையும்விட அவர்களைச் சிக்கவைத்தது சத்தியப் பிரமாணம்தான். ‘பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்’ என்ற மலைப்பிரசங்கக் கட்டளையை அவர்கள் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தார்கள். 1660-இல் முடியாட்சி மீண்ட பிறகு, வேறு குற்றம் எதுவும் நிற்காதபோது, அரசவிசுவாசப் பிரமாணத்தை எடுக்கச் சொல்லிவிட்டால் போதும் என்பதை நீதிபதிகள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். மறுப்பவரின் உடைமைகள் பறிமுதலாகும். அரசர் விரும்பும் காலம்வரை அவர் சிறையில் கிடக்க வேண்டும். குவேக்கர் போதகர் ஃபிரான்சிஸ் ஹௌகில் 1664-இல் இப்படித் தண்டிக்கப்பட்டு, 1669-இல் ஆப்பிள்பி சிறையிலேயே இறந்தார். 1662-இல் வந்த குவேக்கர் சட்டம், 16 வயதுக்கு மேற்பட்ட ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி வழிபட்டால் முதல் முறை 5 பவுண்டு வரையிலும் இரண்டாம் முறை 10 பவுண்டு வரையிலும் அபராதம் விதிக்கவும், மூன்றாம் முறை நாடு கடத்தவும் வழிசெய்தது.

கேள்வி: அவர்கள் எழுதியவை மன்னிப்புக் கோரும் மனுக்களா, எதிர்த்தாக்குதலா?

பதில்: 1650-களில் பெரும்பாலும் எதிர்த்தாக்குதல்தான். அந்தப் பிரசுரங்களைப் படிக்கும்போது, பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஒருவர் சந்தை நடுவே நின்று முழங்குவது போலிருக்கும். நீதிபதிகளையும் போதகர்களையும் நேராகப் பார்த்து, தேவனுடைய தீர்ப்பு உங்கள் வாசலில் நிற்கிறது என்று எச்சரிப்பார்கள். குவேக்கர் எழுத்தாளர் எட்வர்ட் பரோ, அவர்களை எதிர்த்த போதகர் ஜான் பன்யனுடன் 1656-57-இல் நடத்திய அச்சுச் சண்டையில் இரு பக்கமும் மென்மையாகப் பேசவில்லை. 1656-இல் குவேக்கர் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் நெய்லர், எருசலேமுக்குள் கிறிஸ்து நுழைந்ததை நினைவூட்டும் விதமாகப் பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் நுழைந்ததும், தேவதூஷணக் குற்றத்துக்காக அவருடைய நெற்றியில் சூடுவைத்து நாக்கைத் துளைக்க நாடாளுமன்றமே தண்டனை விதித்ததும் அந்த இயக்கத்தை உலுக்கின. அதற்குப் பிறகுதான், தாங்கள் எழுதுவதை எதிரிகள் எப்படி வாசிப்பார்கள் என்ற கவனம் மெல்ல மெல்ல இவர்களிடம் வந்தது. 1673 முதல் லண்டனில் ஒரு குழு, அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப் படிகளைப் பரிசீலிக்கத் தொடங்கியது. அந்தத் தணிக்கை நிதானத்தைத் தந்தது என்றாலும், பழைய அனல் அதில் குறைந்துபோனது என்பது என் கருத்து.

கேள்வி: 1661-இன் புகழ்பெற்ற அமைதிப் பிரகடனம், உயிர் பிழைப்பதற்காக அவசரமாக எழுதியது என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: அவசரமாக எழுதப்பட்டது என்பது உண்மை. 1661 ஜனவரியில் தாமஸ் வென்னர் தலைமையில் ஒரு சிறு கூட்டம், கிறிஸ்துவின் ஆட்சியை வாளால் நிறுவப்போவதாக லண்டனில் கலகம் செய்தது. குவேக்கர்களுக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். சில வாரங்களுக்குள் ஃபாக்ஸ், ரிச்சர்ட் ஹபர்தோர்ன் உள்ளிட்டோர் கையொப்பமிட்ட பிரகடனம் இரண்டாம் சார்லஸ் அரசரிடம் அளிக்கப்பட்டது. எந்த நோக்கத்துக்காகவும், எந்தச் சாக்கை முன்னிட்டும் ஆயுதப் போரில் ஈடுபட மாட்டோம் என்று அது உறுதி கூறியது. ஆனால் அந்த நிலைப்பாடு அப்போதுதான் புனையப்பட்டது என்று சொல்ல முடியாது. முந்தைய ஆண்டு, கலகத்துக்கு முன்பே, மார்கரெட் ஃபெல் என்ற குவேக்கர் பெண் இதே கருத்தை எழுதி அரசரிடம் கொடுத்திருந்தார். முடியாட்சி இல்லாத காலத்தில் நாட்டை ஆண்ட கிராம்வெல்லின் படையில் பணியாற்றிப் பிறகு குவேக்கர்களானவர்களும் இருந்ததால், 1661-க்கு முன் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் கூற இயலாது. நெருக்கடி அந்தக் குரலை ஒன்றாக்கியது.

கேள்வி: எழுத்தின் மூலம் நேரடியாக உயிர்கள் காப்பாற்றப்பட்ட சம்பவம் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் கடலுக்கு அப்பால். மாசசூசெட்ஸ் குடியேற்றம் குவேக்கர்களை நாடு கடத்தியது. திரும்பி வந்தால் தூக்கு என்று சட்டம் இயற்றியது. 1659 அக்டோபரில் வில்லியம் ராபின்சன், மர்மதூக் ஸ்டீஃபன்சன், 1660 ஜூன் 1-இல் மேரி டையர், 1661 மார்ச்சில் வில்லியம் லெட்ரா என நால்வர் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். இதைக் கவனிக்க வேண்டும்: தூக்கிலிட்டவர்களும் இங்கிலாந்தின் அடக்குமுறைக்குத் தப்பி மனச்சாட்சியின்படி வழிபட வந்த பியூரிட்டன்களே (திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய புராட்டஸ்டன்டுகள்).

பாஸ்டன் நீதிமன்றம் தன் செயலை நியாயப்படுத்தி அரசருக்கு எழுதியபோது, எட்வர்ட் பரோ 1661-இல் அதை மறுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் வலிமை இறையியலில் இல்லை. யாருக்கு எத்தனை கசையடி, யாருடைய காது அறுக்கப்பட்டது, யாரிடம் எவ்வளவு அபராதம் பிடுங்கப்பட்டது என்று வரிசையாக எழுதப்பட்ட பட்டியலில்தான் இருந்தது. பரோ அரசரை நேரில் சந்தித்து, உங்கள் ஆட்சிப் பகுதியில் குற்றமற்ற இரத்தத்தின் நாளம் ஒன்று திறந்திருக்கிறது என்று சொன்னதாகவும், அந்த நாளத்தை நான் அடைப்பேன் என்று அரசர் பதிலளித்ததாகவும் குவேக்கர் பதிவுகள் கூறுகின்றன. அதற்கான அரசாணையைக் கொண்டுபோனவர், திரும்பினால் சாவு என்று மாசசூசெட்ஸின் சேலம் (Salem) ஊரிலிருந்து துரத்தப்பட்டிருந்த சாமுவேல் ஷாட்டக். தூக்கு நின்றது. கசையடி நிற்கவில்லை, வண்டியின் பின்னால் கட்டி ஊர் ஊராக அடித்துக்கொண்டு போகும் தண்டனை பல ஆண்டுகள் நீடித்தது. பரோவும் விரைவிலேயே லண்டன் நியூகேட் சிறையில் மாண்டார்.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். வில்லியம் பென் வழக்குக்கும் இந்த எழுத்துகளுக்கும் என்ன தொடர்பு?

பதில்: வழக்கே ஒரு நூலாயிற்று என்பதுதான் தொடர்பு. 1670 ஆகஸ்டில் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவிலிருந்த வழிபாட்டு இல்லத்தைப் படைவீரர்கள் மறித்துவிட்டதால், குவேக்கரான பென் தெருவிலேயே பேசினார். அவரும் வில்லியம் மீடும் சட்டவிரோதக் கூட்டம் கூட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டார்கள். நீதிமன்றத்துக்குள் நுழையும்போது அவர்களின் தலையில் தொப்பி இல்லை. அதிகாரி ஒருவரைக் கொண்டு தொப்பியை வைக்கச் செய்து, பிறகு தொப்பியோடு நின்றதற்காக அபராதம் விதித்தார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்மீது வழக்கு என்று பென் திரும்பத் திரும்பக் கேட்டார்; பொதுச் சட்டம் (Common Law) என்பதற்கு மேல் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கிரேஸ்சர்ச் தெருவில் பேசியது மட்டுமே அவர் செய்தது என்று ஜூரிகள் சொல்ல, உணவும் தண்ணீரும் நெருப்பும் இன்றி அவர்களை அடைத்துவைத்தார்கள். இறுதியில் குற்றமற்றவர் என்ற தீர்ப்பே வந்தது. ஜூரிகளுக்குத் தலைக்கு 40 மார்க் (அக்காலப் பணக் கணக்கு) அபராதம். கட்ட மறுத்த எட்வர்ட் புஷெல் தொடுத்த வழக்கில், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வான் முடிவு செய்தார். விசாரணை விவரம் அதே ஆண்டு அச்சாகிப் பரவியது. மதச் சுதந்திரம் கேட்பதைக் காட்டிலும் ஓர் ஆங்கிலேயனின் பழைய உரிமைகளைக் கேட்பது, குவேக்கர் அல்லாதவர்களையும் தன் பக்கம் இழுக்கும் என்பதைப் பென் புரிந்துகொண்டிருந்தார்.

கேள்வி: பெண்கள் எழுதினார்களா?

பதில்: நிறைய எழுதினார்கள். 1659-இல் தசமபாகத்துக்கு எதிராக 7000-க்கும் மேற்பட்ட பெண்கள் பெயரிட்ட விண்ணப்பம் நாடாளுமன்றத்துக்குப் போனது. மார்கரெட் ஃபெல், லங்காஸ்டர் சிறையிலிருந்து, பெண்கள் சபையில் பேசுவது வேதத்துக்கு ஏற்றதே என்று 1666-இல் ஒரு நூல் எழுதினார். மால்டாவில் கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணைமன்றச் (Inquisition) சிறையில் மூன்றாண்டுகளுக்கு மேல் கிடந்த காதரின் எவான்ஸ், சாரா சீவர்ஸ் ஆகியோரின் அனுபவம் 1662-இல் வெளியானது.

கேள்வி: ஒரே ஒரு நூலைப் படிக்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: குவேக்கர் இறையியலாளர் ராபர்ட் பார்க்ளே 1676-இல் இலத்தீனிலும் 1678-இல் ஆங்கிலத்திலும் வெளியிட்ட விசுவாச விளக்கம். அதன் 15 கருத்துரைகளில் 14-ஆவதிலிருந்து தொடங்குங்கள். மனச்சாட்சியின்மேல் அதிகாரம் தேவனுக்கு மட்டுமே. மதத்துக்காகக் கொல்வதும் நாடு கடத்துவதும் சிறையிடுவதும் அபராதம் விதிப்பதும், தம்பியைக் கொன்ற காயீனின் ஆவியிலிருந்து வருபவை என்கிறார். அதோடு, மனச்சாட்சியைச் சாக்காக வைத்து ஒருவர் பிறருடைய உயிருக்கோ உடைமைக்கோ கேடு செய்யக்கூடாது என்று எல்லையும் வகுக்கிறார். முகப்பில் இரண்டாம் சார்லஸுக்கு எழுதிய கடிதம் தனி அழகு: நாட்டைவிட்டு ஓடி வாழ்வது என்னவென்று தெரிந்த அரசருக்கு, ஒடுக்கப்படுவதன் வலி தெரிய வேண்டும் என்று சற்றும் குழையாமல் நினைவூட்டுகிறார்.

கேள்வி: 1689-இன் சகிப்புச் சட்டத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதா?

பதில்: வழிபாட்டுக்குத் தடை நீங்கியது. அதற்குள் 400-க்கும் மேற்பட்டோர் சிறையில் இறந்திருந்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். தசமபாகத்துக்காக மாட்டையும் தானியத்தையும் பறிப்பது தொடர்ந்தது; 1670-களில் லண்டனில் தொடங்கிய துன்பப் பதிவுக் கூட்டம் அவற்றை எழுதிவைத்துக்கொண்டே வந்தது. அந்தப் பதிவுகளைத்தான் ஜோசப் பெஸ் 1753-இல் இரு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்ற சட்டம் 1696-இல் வந்தது. ஆனால் அந்த வாசகத்தில் சர்வவல்லவரான தேவனின் சந்நிதி குறிப்பிடப்பட்டிருந்ததால், அதுவும் சத்தியமே என்று பலர் மறுத்தார்கள். எல்லோரும் ஏற்கத்தக்க வாசகம் கிடைக்க 1722 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.