பாந்தியன் முகப்பில் யார் பெயர்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் குடும்பத்தோடு ரோம் போயிருந்தேன். பாந்தியன் கோயில் வாசலில், தூண்களுக்கு மேலே பெரிய பெரிய எழுத்தில் ஒரு கல்வெட்டு. ‘இதைக் கட்டியவர் மார்க்குஸ் அக்ரிப்பா’ என்று அதற்குப் பொருள் சொன்னார் வழிகாட்டி. அடுத்த நிமிடமே, ‘ஆனால் நீங்கள் பார்க்கும் இந்தக் கட்டடம் அக்ரிப்பா கட்டியது இல்லை. நூற்றைம்பது வருடம் கழித்துப் பேரரசர் ஹாட்ரியன் கட்டியது’ என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்வெட்டு என்றால் அசைக்க முடியாத சான்று என்றுதானே பள்ளியில் படித்தோம்? கல்லே பொய் சொன்னால் எதை நம்புவது?

இன்னொன்று. கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளை ஐரோப்பியர்கள் பல நூறு வருடமாகத் தேடித் தேடிப் படித்திருக்கிறார்கள். இனிமேல் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? நான் ஒரு கணக்காளன், வயது 43. இந்த மொழிகள் தெரியாது. எனக்கு இதற்குள் நுழைய வழி இருக்கிறதா?

க., திருப்பூர்

*

அன்புள்ள க.,

அந்தக் கல்வெட்டு பொய் சொல்லவில்லை. லூகியுஸின் மகன் மார்க்குஸ் அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சல் என்ற ரோமின் உயர்ந்த ஆண்டுப் பதவியில் இருந்தபோது, அதாவது கி.மு. 27-இல், அந்த இடத்தில் ஒரு கோயிலைக் கட்டியது உண்மை. அது கி.பி. 80-இல் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 110-இல் இடி விழுந்து மறுபடியும் எரிந்தது. அதற்குப் பிறகு எழுந்ததுதான் நீங்கள் அண்ணாந்து பார்த்த கட்டடம். ஹாட்ரியன், தாம் புதுப்பித்த கட்டடங்களில் முதலில் கட்டியவர் பெயரையே விட்டுவைத்தார் என்று பழைய வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. அதனால் அக்ரிப்பாவின் பெயர் முகப்பில் தங்கிவிட்டது.

அந்தப் பெரிய எழுத்துகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது. கவனித்தீர்களா? பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 202-இல் பேரரசர் செப்டிமியுஸ் செவேருஸும் அவர் மகன் காரகல்லாவும் ‘பழமையால் சிதைந்த பாந்தியனை’ எல்லா அலங்காரத்தோடும் செப்பனிட்டதாக அது சொல்கிறது. ஆக, முகப்பில் மூன்று பேர் பெயர் இருக்கிறது. கட்டடத்தைக் கட்டியவர் பெயர் மட்டும் இல்லை!

பிறகு எப்படித் தெரிந்தது? செங்கல்லிலிருந்து. நீங்கள் கணக்காளர் என்பதால் இது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். ரோமில் செங்கல் அறுக்கும்போது, களிமண் ஈரமாக இருக்கையிலேயே முத்திரை அடித்துவிடுவார்கள். சூளை யாருடைய நிலத்தில் இருக்கிறது, யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். சில சமயம் அந்த ஆண்டின் கான்சல்கள் பெயரும் இருக்கும். ரோமானியர்களுக்கு ஆண்டு என்பதே கான்சல்களின் பெயர்தான். பைடினுஸ், அப்ரோனியானுஸ் என்று ஒரு செங்கல்லில் இருந்தால் அது கி.பி. 123. 1892-இல் ஷெதான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பாந்தியன் சுவருக்குள் இருந்த செங்கற்களைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முத்திரைகள் அக்ரிப்பா காலத்தவை அல்ல. ஹாட்ரியனுக்கு முந்தைய பேரரசர் திராயனின் கடைசி ஆண்டுகளையும் ஹாட்ரியனின் தொடக்க ஆண்டுகளையும் சேர்ந்தவை. வேலை திராயன் காலத்திலேயே தொடங்கிவிட்டது என்று இப்போது வாதிடுகிறவர்களும் அதே முத்திரைகளைத்தான் காட்டுகிறார்கள்.

முகப்பு எழுத்து கடையின் பெயர்ப்பலகை. செங்கல் முத்திரை உள்ளே கிடக்கும் பில். இரண்டும் லத்தீன் கல்வெட்டுதான், ஆனால் வெவ்வேறு ஆட்களுக்காக எழுதப்பட்டவை. ஊரே பார்ப்பதற்காகச் செதுக்கியதையும், சூளைக்காரர்கள் தங்கள் கணக்குக்காக அடித்ததையும் ஒரே மாதிரி படிக்க முடியாது. கல்லை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். யார், யாருக்காக, எங்கே எழுதினார்கள் என்று தெரிந்துகொண்டு நம்பலாம்.

உண்மையிலேயே பொய் சொன்ன கல்வெட்டுகளும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பிர்ரோ லிகோரியோ என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். தீவோலியில் எஸ்தே மாளிகைத் தோட்டத்தை வடிவமைத்தவர். அவர் தன் ஏடுகளில் ஆயிரக்கணக்கான போலிக் கல்வெட்டுகளை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவற்றை நிஜமென்று நம்பி எத்தனையோ பேர் நூல் எழுதினார்கள். ஜெர்மன் அறிஞர் தியோடர் மொம்சன் 1853-இல் பெர்லினில் லத்தீன் கல்வெட்டுத் தொகுதியைத் தொடங்கியபோது பிடிவாதமாக ஒரு விதி வைத்தார். முடிந்தவரை ஒவ்வொரு கல்லையும் நேரில் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். இன்று அந்தத் தொகுதியில் சுமார் 1,80,000 கல்வெட்டுகள் இருக்கின்றன. போலிகளையும் தூக்கி எறியவில்லை. நட்சத்திரக் குறி போட்டுத் தனியாகப் பதிப்பித்தார்கள். தள்ளுபடி செய்த வவுச்சரையும் கோப்பில் வைத்திருப்பதைப் போல. எனக்கு மொம்சன் மேல் பெரும் மரியாதை வந்தது இதனால்தான்.

நேரில் பார்ப்பது என்றால் வெறுமனே பார்ப்பது இல்லை. நம் ஊரில் மைப்படி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றுவார்கள். கிரேக்கக் கல்வெட்டுக்காரர்கள் தடித்த தாளை நனைத்து அதே மாதிரி அடிப்பார்கள். மை மட்டும் கிடையாது. காய்ந்ததும் உரித்தால் எழுத்து புடைத்து நிற்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால், கல்லில் கண்ணுக்குப் படாத கீறல்கூடத் தாளில் தெரியும்.

எழுத்தே இல்லாத இடத்திலும் படித்திருக்கிறார்கள். நீங்கள் கொலோசியமும் போயிருப்பீர்கள். அங்கே ஒரு சலவைக்கல் பாளத்தில் 5ஆம் நூற்றாண்டில் நடந்த பழுதுபார்ப்பு வேலையைப் பற்றி ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்த எழுத்துகளுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் சின்னச் சின்னத் துளைகள். அதற்கு முன்பு அதே பாளத்தில் வெண்கல எழுத்துகளைப் பொருத்தியிருந்த ஆணித் துளைகள் அவை. 1995-இல் ஹைடல்பெர்க் பேராசிரியர் கேஸா ஆல்ஃபோல்டி அந்தத் துளைகளை மட்டும் வைத்து ஒரு வாசகத்தை மீட்டார்: பேரரசர் வெஸ்பாசியன் போரில் கிடைத்த கொள்ளைப் பொருளிலிருந்து இந்தப் புதிய அரங்கைக் கட்ட ஆணையிட்டார். அந்தக் கொள்ளை எது? கி.பி. 70-இல் எருசலேமை அழித்த யூதப் போரில் கிடைத்தது என்பதே பொதுவான கருத்து. துளைகளுக்குள் அந்த நகரமே இருக்கிறது என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் இந்த வாசகம் ஒரு ஊகம். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். அதனால்தான் 1931-இல் லெய்டன் நகரில் அறிஞர்கள் கூடி ஒரு குறியீட்டு முறையை ஒப்புக்கொண்டார்கள். கல்லில் அழிந்துபோய் பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்துகள் சதுர அடைப்புக்குள். சுருக்கெழுத்தை விரித்தால் வளைந்த அடைப்புக்குள். எழுத்து பாதிதான் தெரிகிறது, உறுதியில்லை என்றால் அடியில் ஒரு புள்ளி. சதுர அடைப்பை உங்கள் பாஷையில் சஸ்பென்ஸ் கணக்கு என்று சொல்லலாம். தொகை எங்கே போக வேண்டும் என்று தெரியாதபோது தற்காலிகமாக வைக்கிற இடம். அதில் இருப்பதையே வரவாக எடுத்துக்கொண்டு அடுத்த வருடக் கணக்கை எழுதினால் என்ன ஆகும்? இந்தத் துறையில் பெரிய தவறுகள் அப்படித்தான் நடந்திருக்கின்றன.

இனி என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். ஏதென்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. சிசிலியில் உள்ள எகெஸ்டா நகரோடு ஏதென்ஸ் செய்துகொண்ட உடன்படிக்கை. ஆண்டைச் சொல்லும் அதிகாரியின் பெயர் தேய்ந்து, கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதில் சிக்மா என்ற கிரேக்க ‘ஸ்’ எழுத்து மூன்று கோடுகளால் ஆனது. அந்த வடிவம் கி.மு. 440களுக்குப் பிறகு வழக்கில் இல்லை என்பது அறிஞர்கள் வைத்திருந்த விதி. ஆகவே அந்தப் பெயர் ஹாப்ரோன், ஆண்டு கி.மு. 458 என்று பலர் வைத்துக்கொண்டார்கள். ஹெரால்ட் மாட்டிங்லி என்ற அறிஞர் 1960களிலிருந்தே இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பார் குறைவு. 1990-இல் மார்ட்டிமர் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் லேசர் ஒளியால் அந்த இடத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அது ஆண்டிஃபோன். ஆண்டு கி.மு. 418. நாற்பது வருடம் நகர்ந்துவிட்டது! ஏதென்ஸ் சிசிலிமீது படையெடுத்ததற்கு மூன்றே வருடம் முன்பு. அந்த ஒரு விதியை நம்பித் தேதி குறித்த மற்ற கல்வெட்டுகளையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இந்தக் கல் எங்கேயும் புதைந்து கிடக்கவில்லை. எல்லாரும் பார்த்த கல்.

புதிய கல்லும் வந்துகொண்டேதான் இருக்கிறது. பழைய கல்லை மக்கள் விடுவதில்லையே; சுவருக்கு, கிணற்றுக்கு, வாசற்படிக்கு என்று எடுத்துப்போவார்கள். கிரீட் தீவில் கோர்டின் நகரத்துச் சட்டத்தொகுப்பு, சுமார் 600 வரி, 1884-இல் கிடைத்தது ஒரு மாவு ஆலைக்குப் போகும் வாய்க்காலில். வாய்க்கால் தண்ணீரை வற்ற வைத்துவிட்டுப் படித்தார்கள். ஒரு வரி வலமிருந்து இடம் போனால் அடுத்த வரி இடமிருந்து வலம் வரும். ஏர் மாடு திரும்புவது மாதிரி என்றுதான் கிரேக்கர்களும் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சரி, நீங்கள் எங்கே தொடங்குவது? லத்தீன் கல்லறைக் கல்லில் தொடங்குங்கள். டி, எம் என்று இரண்டு எழுத்து மேலே இருக்கும்: இறந்தோர் ஆவிகளுக்கு. அப்புறம் பெயர், வயது, கல்லை வைத்தவர் பெயர். இருபது முப்பது சுருக்கங்கள் தெரிந்தால் பாதிக் கற்கள் திறந்துவிடும். கிளாஸ்-ஸ்லாபி தரவுத்தளத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட லத்தீன் கல்வெட்டுகள் இலவசமாக இருக்கின்றன. கிரேக்கத்துக்குப் பேக்கார்டு நிறுவனத்தின் தளம். பிரிட்டனில் கிடைத்த ரோமானியக் கல்வெட்டுகளுக்குத் தனித் தளம் உண்டு.

அந்த பிரிட்டன் தளத்தில் 1065ஆம் எண்ணைத் தேடிப் பாருங்கள். இங்கிலாந்தின் வடகோடியில், சவுத் ஷீல்ட்ஸில் 1878-இல் கிடைத்த கல். ஒரு பெண் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நூல் நூற்கும் கதிர், பக்கத்தில் கம்பளிக் கூடை. முகம் உடைந்துபோய்விட்டது. பெயர் ரெகினா, வயது 30. தென் பிரிட்டனில் ஒரு குலத்தைச் சேர்ந்தவள், அடிமையாக இருந்தவள். அவளை விடுவித்து மணந்துகொண்டவர் சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பாராதேஸ். கல்லில் உள்ள லத்தீனில் வேற்றுமை உருபுகள் தப்பும் தவறுமாக இருக்கின்றன. கீழே பல்மைரா எழுத்தில் ஒரே ஒரு வரி, பிழையில்லாமல், அழகாக: ‘ரெகினா, பாராதே விடுவித்தவள், ஐயோ.’ லத்தீன் பகுதியில் அந்த ‘ஐயோ’ இல்லை.

ஒரு பயிற்சியும் தருகிறேன். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடல் துறைமுகமான பெரெனிகேவிலிருந்து நைல் நதிக் கரைக்குப் போகும் வழியில் வாடி மெனி என்று ஒரு இடம். அங்கே பாறை நிழலில் லிசாஸ் என்பவர் கிரேக்கத்திலும் லத்தீனிலும் தன் பெயரைக் கீறியிருக்கிறார். புப்லியுஸ் அன்னியுஸ் பிளோகாமுஸின் ஆள். காலம் கி.பி. 6, ஜூலை மாதம். இந்த முதலாளியின் பெயர் ரோமானிய எழுத்தாளர் பிளினியின் நூலிலும் வருகிறது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் பிளோகாமுஸின் ஆள் ஒருவர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரை ஒதுங்கினாராம். அவரிடம் இருந்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு அரசர் தலை இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, அங்கிருந்த அரசர் வியந்து, ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்பினார் என்கிறார் பிளினி. தூதர்கள் வந்தது பேரரசர் கிளாடியுஸ் ஆட்சியில் என்றும் சொல்கிறார். பாறையில் உள்ள தேதியோ அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தையது. இலங்கைக்குப் போனவரின் பெயரையும் பிளினி சொல்லவில்லை. லிசாஸ்தான் அவர் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். சொல்லக் கூடாது, சதுர அடைப்புக்குள்ளும் கூடாது.

பாறையில் இருப்பது லிசாஸின் பெயர், முதலாளி பெயர், தேதி, அப்புறம் ஒரு வினைச்சொல். கிரேக்கத்தில் ‘ஹேகோ’, லத்தீனில் ‘வேனி’. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: வந்தேன். அடுத்த கடிதத்தில் அந்த இரண்டு வாசகங்களையும் எழுத்து எழுத்தாகப் படித்து எனக்கு எழுதுங்கள்.