பேஸ்பால் அணியில் இரண்டு மூன்று பெரிய ஹிட்டர்கள் இருந்தால் போதாதா? ஒன்பது பேரும் அடிக்க வேண்டுமா?

போதாது. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே ஒருவர் நிலைத்து நின்றுவிட்டால் கடைசி ஓவர் வரை அவரே ஆடலாம். வால் வெளியே தெரியாது. பேஸ்பாலில் எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒருமுறை ஆடிவிட்டால், மற்ற எட்டுப் பேரும் ஆடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் அவருக்குக் கிடைப்பதே நாலைந்து வாய்ப்பு.

அதையும் எதிரணி பிடுங்கிக்கொள்ளலாம். வேண்டுமென்றே 'வாக்' கொடுத்து, அதாவது அடிக்க விடாமலேயே, முதல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய முதல் நிலைக்கு) அனுப்பிவிட்டால் முடிந்தது கதை. 2004-ல் பெரிய ஹிட்டரான பாரி பாண்ட்ஸுக்கு 232 வாக் கொடுத்தார்கள். அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. நூறு முறை ஆட வந்தால் ஏறக்குறைய 61 முறை பேஸை எட்டினார். அப்படியும் அவருடைய சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி அந்த வருடம் பிளேஆஃபுக்கு (பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளுக்கு) போகவில்லை. மூன்று அவுட்டில் ஒரு இன்னிங்ஸ் முடியும். இரண்டு அவுட் விழுந்த நிலையில் அவருக்கு வாக் கொடுக்கிறார்கள், பின்னால் வருபவர் பத்துக்கு மூன்று முறைதான் பேஸை எட்டுவார் என்று வையுங்கள். பத்துக்கு ஏழு முறை இன்னிங்ஸ் அங்கேயே முடிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட். ஒன்பது பேரும் நூற்றுக்கு 30 முறை பேஸை எட்டுபவர்கள் என்றால் அந்த 27 அவுட்டுக்குள் 38, 39 பேர் ஆடுவார்கள். 35 முறை என்றால் 41, 42 பேர். அதைவிட முக்கியம், வரிசையாக மூன்று பேர் பேஸை எட்டும் வாய்ப்பு 2.7 சதவீதத்திலிருந்து 4.3-க்கு ஏறுகிறது. ரன்கள் குவிவது இப்படித் தொடர்ச்சியாக ஆட்கள் பேஸில் நிற்கும்போதுதான். ஏழு, எட்டு, ஒன்பதாம் இடங்கள் ஓட்டையாக இருந்தால் முதல் ஆள் மறுபடி வரும்போது பேஸெல்லாம் காலியாகக் கிடக்கும். அவர் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி) அடித்தாலும் ஒரே ரன்தான், பேஸில் நிற்பவர்கள் இருந்தால்தான் கூடுதல் ரன்.

இதற்கு, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2002-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பக்கம் ஜயன்ட்ஸின் பாண்ட்ஸ்: அந்தத் தொடரில் 4 ஹோம் ரன், 13 வாக், சராசரி .471 (வாக் சேர்க்காமல் நூறு வாய்ப்புக்கு 47 ஹிட் என்ற கணக்கு). இன்னொரு பக்கம் ஆனஹைம் ஏஞ்சல்ஸ். பாண்ட்ஸ் அளவுக்கு அங்கே யாருமே கிடையாது, ஆனால் மேலிருந்து கீழ்வரை பந்தைத் தொடுபவர்கள். இறுதிக்கு வரும் வழியில் மினசோட்டா ட்வின்ஸுக்கு எதிரான ஐந்தாம் ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்த ஆடம் கென்னடி, ஒன்பதாம் இடத்து ஆள்! சீசன் முழுக்க அவர் அடித்ததே 7.

உலகத் தொடரின் ஆறாம் ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். ஜயன்ட்ஸ் 5-0 முன்னிலை, பட்டத்துக்கு இன்னும் எட்டே அவுட். ஐந்தாம் இடத்து ட்ராய் கிளாஸ் ஒரு சிங்கிள், ஆறாம் இடத்து பிராட் ஃபுல்மர் ஒரு சிங்கிள். அடுத்து ஸ்காட் ஸ்பீசியோ. புதிதாகப் பந்து வீச வந்த ஃபெலிக்ஸ் ரோட்ரிகஸ் வீச வீச ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடித்து ஃபவுல் அடித்து, எட்டாவது பந்தை வலது பக்க வேலிக்கு மேலே அனுப்பினார். மூன்று ரன். அடுத்த இன்னிங்ஸில் எர்ஸ்டாட், சால்மன், ஆண்டர்சன், கிளாஸ் என்று மேல்வரிசை தொடர்ந்து அடித்து 6-5 என்று முடித்தது. மறுநாள் 4-1, பட்டம் ஏஞ்சல்ஸுக்கு. எந்த இடத்திலும் எதிரணிக்கு "இவருக்கு வாக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பிடிப்போம்" என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

ஸ்கோர்போர்டில் தெரியாத இன்னொரு லாபம், பந்து வீசும் பிட்சரின் களைப்பு. 95, 100 பந்து தாண்டினால் பெரும்பாலும் தொடக்க பிட்சரை மாற்றிவிடுவார்கள். கடைசி மூன்று பேர் 8 பந்தில் அவுட் ஆவதற்கும் 15 பந்து இழுப்பதற்கும் ஒரு சுற்றுக்கு 7 பந்து வித்தியாசம். மூன்று சுற்றில் 21. ஒரு முழு இன்னிங்ஸுக்கு ஆகும் பந்துகளைவிட அதிகம். அவர் ஒரு இன்னிங்ஸ் முன்னதாகவே வெளியேற, பெரும்பாலும் மாற்று பிட்சர்களில் பலவீனமானவர் உள்ளே வருவார்.

அதற்காக ஒன்பது பேரும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. எல்லோரும் வலது கை, எல்லோரும் ஹோம் ரனுக்கே சுற்றுபவர்கள் என்றால், நல்ல ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) வீசும் ஒரு வலது கை பிட்சரே எல்லோரையும் சாய்த்துவிடுவார். இடது, வலது மாறி மாறி வர வேண்டும். 2020 முதல், மாற்று பிட்சர் இன்னிங்ஸை முடித்தாலொழிய குறைந்தது மூன்று பேருக்கு வீசியாக வேண்டும் என்ற விதி இருப்பதால் இதன் மதிப்பு கூடியிருக்கிறது.

கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி), ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) இடங்களில் ஃபீல்டிங்குக்காக ஒரு பலவீனமான பேட்டைச் சகித்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அப்படி இரண்டு பேர் இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் போடாதீர்கள். ஒன்பதாம் இடத்தில் ஹோம் ரன் பலம் இல்லாவிட்டாலும் பொறுமையாக நின்று பேஸை எட்டத் தெரிந்தவரைப் போடுங்கள். அடுத்து ஆட வருபவர் உங்கள் முதல் ஆள்.