முன்சீற்றில் யார் அக்கா?

வணக்கம்.

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 26 வயது, அக்காவுக்கு 31. அமெரிக்கப் பாலைவனத்தில் பெண்கள் மட்டும் ஓடுகிற ஒரு ரலியில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் ஒரே வண்டியில் போகும் காணொளியைப் பார்த்ததில் இருந்து எங்கள் இருவருக்கும் அதே நினைப்புத்தான். அத்தானின் பழைய ஜீப் இருக்கிறது. அக்கா நன்றாக ஓட்டுவா. நான் வரைபடம் பார்ப்பேன் என்று ஏற்பாடு.

பழகிப் பார்ப்போம் என்று போன மாதம் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு உடப்பு திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போனோம். போகும்போது பிரச்சினை இல்லை. பின்னேரம் சிலாபத்துக்கு உள்பாதையால் திரும்பும்போது ஒரு முச்சந்தி வந்தது. இடது பக்கம் என்றேன். "நீ படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறாய்" என்று சிரித்துவிட்டு அக்கா வலது பக்கம் திருப்பினா. இறால் பண்ணை வரம்பில் போய் முட்டினோம். இருட்டின பிறகுதான் பெரிய தெரு கிடைத்தது. இரண்டு நாள் பேசவில்லை. "கூடப் பிறந்ததுகள் சேர்ந்து செய்யிற வேலை இல்லை இது" என்கிறா அம்மா.

நீங்களும் உங்கள் அக்காவும் சமாதான காலத்தில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியால் போனதைப் பற்றி முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். அம்மா சொல்வது சரியா? பழகுவதற்கு யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணல்மேடுகள் சரிவருமா?

ஒரு தங்கை

---

அன்புள்ள தங்கைக்கு,

ரலி என்றதும் எனக்கு முதலில் நினைவு வந்தது அப்பாவின் றலி சைக்கிள். யாழ்ப்பாணத்தில் அதற்கு இருந்த மரியாதை உங்கள் அத்தானின் ஜீப்புக்குக் கிடைக்காது. அது கிடக்கட்டும்.

நீங்கள் பார்த்தது ரெபெல் ரலியாக இருக்க வேண்டும். 2016இல் எமிலி மில்லர் என்ற ரலிக்காரி தொடங்கியது. நெவாடா, கலிபோர்னியா பக்கத்துப் பாலை நிலத்தில் ஒரு வாரத்துக்கு மேலாக 2,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். வண்டிக்கு இரண்டு பேர். போன் இல்லை, ஜி.பி.எஸ். இல்லை. காகித வரைபடம், திசைகாட்டி, அளவுகோல் மட்டும்தான். வேகமாகப் போனவருக்குப் பரிசு இல்லை, சொன்ன புள்ளிகளைச் சொன்ன நேரத்துக்குள் கண்டுபிடித்தவருக்குத்தான் பரிசு. பச்சைப் புள்ளியில் பெரிய கொடி நிற்கும். நீலப் புள்ளியில் அடையாளம் சிறியது, தேடிப் பிடிக்க வேண்டும். கறுப்புப் புள்ளியில் ஒன்றுமே இருக்காது. வெறும் நிலத்தில் நின்றுகொண்டு "இதுதான் இடம்" என்று இரண்டு பேரும் முடிவெடுத்துக் கையில் உள்ள கருவியை அமத்த வேண்டும். மொரோக்கோவில் 1990இல் இருந்து நடக்கும் கஸல் ரலி இதற்கு மூத்தது. அதுவும் பெண்களுக்கு மட்டும். அங்கே யார் குறைந்த தூரம் ஓடிப் புள்ளிகளைப் பிடித்தார்கள் என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள்.

அந்தப் புள்ளிகளுக்கு அங்கே செக்பொயின்ற் என்று பெயர். காசு கட்டி, வரிசையில் நின்று, செக்பொயின்ற்றைத் தேடிக்கொண்டு போகிறார்கள். கொழும்பில் இருந்துகொண்டு இதை வாசிக்கும் என் வயதுக்காரர்கள் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். பொலிஸ் பதிவுத் துண்டும் அடையாள அட்டையுமாகப் பையைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். ஒருமுறை என் பள்ளிக்கூடப் பையில் இருந்த இலங்கைப் படத்தை அப்பா எடுத்து வீட்டில் வைத்துவிட்டார். பூகோளப் பாடத்துக்கு வீட்டுவேலை செய்த படம். ஆறுகளுக்கு நீலம் தீட்டியிருந்தேன். "ஏன் சும்மா விளக்கம் சொல்லிக்கொண்டு நிப்பான்" என்றார்.

இனி உங்கள் முச்சந்தி.

முதலில் ஒரு நல்ல செய்தி. படத்தைத் தலைகீழாகப் பிடித்தது சரி. நீங்கள் உடப்பில் இருந்து தெற்கே வருகிறீர்கள். போகிற திசை மேலே இருக்கும்படி படத்தைத் திருப்பிப் பிடித்தால்தான் படத்தில் உள்ள இடது உங்கள் இடக்கையோடு ஒத்துவரும். எழுத்துத் தலைகீழாகத் தெரிவதைப் பொருட்படுத்தக் கூடாது. இன்னொன்றும் உண்டு. மேற்குக் கரையில் தெற்கு நோக்கி வந்தால் கடல் வலக்கைப் பக்கம், புத்தளம் - கொழும்புப் பெரிய தெரு இடக்கைப் பக்கம். பின்னேரம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே வெயில் அக்காவின் வலது கன்னத்தில் விழுந்திருக்கும். அவர் வெயிலுக்கு நேரே திருப்பியிருக்கிறார். படமே இல்லாவிட்டாலும் அது பிழை.

ஆனால் நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். "இடது போலக் கிடக்குது" என்று சொல்லியிருப்பீர்கள். பந்தயமே வைக்கலாம். ஐந்து வயது மூத்தவரிடம் தங்கைமார் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போதே பின்வாங்க ஒரு வழி வைத்துக்கொள்வார்கள். வரைபடக்காரி அப்படிச் சொல்லக் கூடாது. "இன்னும் 400 மீற்றர். வலது பக்கம் ஒரு மதகு வரும். மதகு தாண்டினதும் முச்சந்தி, இடது." தூரம், அடையாளம், திருப்பம் என்று அந்த ஒழுங்கில் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். மதகு வரவில்லை என்றால் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அக்காவிடம் "நிறுத்து" என்று ஒருமையில் சொல்லிப் பழகுவதுதான் உங்களுக்கு மணலைவிடக் கடினமாக இருக்கும்.

முன்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினால் வயது மாறிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் யாருடைய மடியில் இருக்கிறதோ அவள் அக்கா. ஓட்டுகிறவருக்கு முன்னால் உள்ள இருபது மீற்றர்தான் தெரியும், தெரியவும் வேண்டும். 1981இல் சன்ரெமோ ரலியை வென்ற மிஷெல் மூட்டோனுக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பு வாசித்தவர் ஃபப்ரிஸியா பொன்ஸ். உலக ரலிச் சாம்பியன் போட்டியில் ஒரு பெண் ஓட்டுநர் ஒரு ரலியை வென்றது அதுதான் முதல் தடவை. வளைவுக்கு முன்னால் பொன்ஸ் சொன்னதை மூட்டோன் இருந்து யோசித்துக்கொண்டிருந்தால் வண்டி பள்ளத்தில்தான் கிடந்திருக்கும்.

கூடப் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. சிநேகிதிகள் சண்டை பிடித்தால் அது முறிந்துபோகுமோ என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்தில் பிழையைப் பிழை என்று சொல்லாமல் இன்னும் பத்துக் கிலோமீற்றர் போவார்கள். நீங்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் "அந்தச் சம்பலை எடு" என்றிருப்பீர்கள். மன்னிப்பு அவ்வளவுதான். வண்டிக்குள் அந்த இரண்டு நாளை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகினால் போதும்.

என் அக்காவின் கதையைக் கேட்டீர்கள். 2003. ஓமந்தையில் இருந்து முகமாலை வரைக்கும் வான் வண்டியில் போகிறோம். தெருவின் இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள், மிதிவெடி என்று எழுதி. தாரை விட்டு ஒரு கால் வெளியே வைக்கக் கூடாது என்று வான்கார அண்ணை ஏறும்போதே சொல்லிவிட்டார். முறிகண்டியில் எல்லாரும் போலப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். அங்கே போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நான் கச்சான் தின்றுகொண்டிருந்தது என் பிழை. பரந்தன் தாண்டினதும் தாங்க முடியவில்லை. அண்ணை வானை ஓரங்கட்டினார். பற்றைக்குப் போக முடியாது. அக்கா பையில் இருந்து பெட்ஷீற்றை எடுத்தாள், நீலப் பூப்போட்டது. வானின் பின்கதவுக்கும் தன் கைக்கும் இடையில் அதை விரித்துப் பிடித்தாள். நான் தார் ரோட்டில் குந்தினேன். வெயிலில் தார் இளகி ஒரு செருப்பு ஒட்டிக்கொண்டது. எழும்பும்போது சமநிலை தவறி வெறுங்காலைப் பின்னால் வைக்கப் போனேன். "நில்!" என்றாள் அக்கா. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தாரின் விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் குதிக்கால் விளிம்பில் இருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவள் சொன்னதை ஏன் என்று கேட்காமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதனால்தான் தெரு இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவது ஒரு விளையாட்டு என்கிற மாதிரி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். "தெருவை விட்டு இறங்காதே" என்பதைத்தான் எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு அர்த்தத்திலும் சொல்லி வளர்த்தார்கள். உங்கள் அம்மாவின் குரலில் அதுவும் கொஞ்சம் இருக்கலாம். சண்டையை அவர் ஒரு சாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. முகமாலைப் பக்கம் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி மிதிவெடி எடுத்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். முட்டுக்காலில் இருந்து, முகமூடிக் கண்ணாடிக்குள் வியர்வை வடிய, கயிறு கட்டிய ஒழுங்கைக்குள்தான் அவர்களுக்கு வேலை. வடக்கில் எங்காவது பழகப் போனால் ஊர்ச் சனம் ஓடுகிற பாதையிலேயே ஓடுங்கள். "இங்கே எல்லாம் எடுத்தாச்சு" என்று யாரும் சொன்னாலும்.

மணற்காடு வேண்டாம். மணலுக்குள் புதைந்த அந்தோனியார் கோயிலின் இடிபாடு நிற்கிற இடம் அது, பக்கத்தில் சனம் இருக்கிறது. உங்கள் ரயர் தடத்தை அந்த மேடு தாங்காது.

கொழும்பிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களம் இருக்கிறது, 1800இல் தொடங்கிய பழைய திணைக்களம். 1:50,000 படங்களில் முழு இலங்கையும் 92 தாள். சிலாபத் தாளை வாங்குங்கள். அதில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 50 மீற்றர். பென்சிலைச் சீவாமல் கோடு போட்டால் அந்தக் கோட்டின் தடிப்பே ஒரு ஒழுங்கையை விழுங்கிவிடும்.

பிறகு ஒரு நல்ல திசைகாட்டியோடு காலிமுகத்திடலுக்குப் போங்கள். தாமரைக் கோபுரத்துக்கு ஒரு பாகை எடுங்கள், அதாவது வடக்கில் இருந்து அது எத்தனை பாகை தள்ளி நிற்கிறது என்று ஊசியில் பாருங்கள், கோட்டைப் பக்கத்து வெளிச்சவீட்டுக்கு ஒன்று. இரண்டையும் படத்தில் பின்னோக்கிக் கோடாக இழுத்தால் வெட்டுகிற இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். முதல் நாள் கடலுக்குள் நிற்பீர்கள், பயப்பட வேண்டாம். போன் சட்டைப் பையில் இருந்தால் ஊசி பொய் சொல்லும். ஜீப்புக்குள் இருந்து பார்த்தால் இன்னும் மோசம், அவ்வளவு இரும்பு. இறங்கிப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். வெயிலுக்குள் இறங்கப் பஞ்சிப்படுகிறவளுக்கு வரைபட வேலை சரிவராது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. திசைகாட்டியின் வடக்கும் படத்தின் வடக்கும் ஒன்றல்ல. கொழும்பில் வித்தியாசம் 2 பாகைக்குக் கிட்ட, மேற்குப் பக்கமாக. 5 கிலோமீற்றருக்கு 175 மீற்றர் தள்ளுபடி, பரவாயில்லை என்று விடலாம். இங்கே அப்படி விட்டுப் பழகினால் அங்கே போய்ச் சிக்குவீர்கள். நெவாடாப் பக்கம் அது 11, 12 பாகை, அதுவும் கிழக்கே. கூட்ட வேண்டியதைக் கழித்தால் 24 பாகைப் பிழை. 5 கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது 2 கிலோமீற்றர் தள்ளி நின்றுகொண்டு கொடியைத் தேடுவீர்கள். அந்த இடத்தில்தான் உங்கள் அக்கா "நீ தலைகீழாப் பிடிச்சிருக்கிறாய்" என்று மறுபடி தொடங்குவார். அப்போது அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலில் உடப்பு முச்சந்திக்கு இன்னொரு தரம் போங்கள், இந்த முறை அக்கா படத்தைப் பிடிக்கட்டும், நீங்கள் ஓட்டுங்கள். லைசன்ஸ் இருக்கிறதுதானே?

இதை அக்காவிடம் காட்டுவதும் விடுவதும் உங்கள் பாடு. என் அக்கா ஸ்காபரோவில் இருந்து வாசிப்பாள், ஒன்றையும் விடமாட்டாள். பெட்ஷீற் நீலம் இல்லை பச்சை, கச்சான் வாங்கினது தான், பரந்தன் தாண்டவே இல்லை 155ஆம் கட்டையிலேயே வானை நிற்பாட்டியாயிற்று என்று நாளைக் காலை ஒரு கடிதம் வரும்.